குடல் அனுப்பும் சேதி: நீலகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை நீலகிரி வாசகர்களின் கடிதங்களுக்குப் பதில். வாரம் ஒருமுறை போடும் ஊசி, 'கிளிப்டின்' மாத்திரை, குடல் ஹார்மோன் என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்த கேள்விகள் என்பதால் ஒரே இதழில் சேர்த்துவிட்டோம். மருந்தைத் தொடங்குவதும் அளவை மாற்றுவதும் உங்களை நேரில் பார்க்கும் டாக்டரின் முடிவு. அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு இந்தப் பதில்கள் உதவட்டும்.

கே: சர்க்கரை நோய் என்றால் கணையம், இன்சுலின் என்றுதான் இத்தனை நாள் கேள்விப்பட்டோம். இப்போது குடல் ஹார்மோன் என்கிறார்கள். சோற்றைச் செரிக்கிற குடலுக்கு இதில் என்ன வேலை? (வாசகர், கோத்தகிரி)

ப: ஒரு சோதனையைச் சொன்னால் விளங்கிவிடும். ஒருவருக்குக் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, ரத்தச் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். இன்னொரு நாள் அதே ஆளுக்கு, ரத்தச் சர்க்கரை அதே மாதிரி ஏறி இறங்கும்படி அளந்து அளந்து ரத்தக்குழாய் வழியாகக் குளுக்கோஸை ஏற்றுகிறார்கள். இரண்டு நாளும் கணையம் பார்ப்பது ஒரே அளவு சர்க்கரையைத்தான். ஆனாலும் வாயால் குடித்த நாளில் சுரக்கிற இன்சுலின் இரண்டு மூன்று மடங்கு அதிகம். சர்க்கரை குடலைத் தொட்டுக்கொண்டு போனால் ஒரு மாதிரி, தொடாமல் போனால் வேறு மாதிரி. வாய்வழிக் குளுக்கோஸுக்கு இன்சுலின் கூடுதலாகச் சுரப்பதை ஆய்வாளர்கள் 1964-இல் அளந்து காட்டினார்கள். சாப்பிட்டபின் வரும் இன்சுலினில் பாதிக்கு மேல் குடல் சொல்லித்தான் வருகிறது.

குடல் சேதி அனுப்புகிறது என்ற சந்தேகம் அதற்கும் மிகப் பழையது. 1902-இல் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், சிறுகுடலின் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு அதில் அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லாதபோதும் கணையம் நீரைச் சுரந்தது. அப்படியானால் சேதி ரத்தத்தில்தான் போயிருக்க வேண்டும். அந்தப் பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். 'ஹார்மோன்' என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905-இல் பயன்படுத்தியபோது அவர் மனதில் இருந்தது இந்தக் குடல் சரக்குதான். மறு வருஷம், 1906-இல், லிவர்பூலில் மூர் என்பவரும் கூட்டாளிகளும் முன்சிறுகுடலின் சாற்றைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலினைப் பிரித்தெடுத்த 1921-க்குப் பதினைந்து வருஷம் முன்பு! எண்ணம் சரி, சாற்றைச் சுத்தப்படுத்தும் வித்தைதான் அன்று கைவசம் இல்லை.

இன்று நமக்குத் தெரிந்த முக்கியச் சேதிக்காரர்கள் இருவர். சிறுகுடலின் மேல்பகுதியில் உள்ள கே செல்கள் ஜி.ஐ.பி.யைச் சுரக்கின்றன. எல் செல்கள் ஜி.எல்.பி-1-ஐச் சுரக்கின்றன, இவை சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலிலும் அடர்த்தி. இரண்டும் கணையத்தின் பீட்டா செல்லைத் தட்டி இன்சுலினை வரவழைக்கும். ஜி.எல்.பி-1 அதோடு நிற்பதில்லை. கல்லீரலைச் சர்க்கரை கொட்டச் சொல்லும் குளுக்ககானை அடக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், 'போதும்' என்ற உணர்வை மூளையில் உண்டாக்கும். இதில் மறக்கக் கூடாத ஒன்று: ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது மட்டும்தான் இவை இன்சுலினைத் தூண்டும். சர்க்கரை இறங்கிவிட்டால் தட்டினாலும் கதவு திறக்காது.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இந்தத் தொடர்பு பழுதாகிறது. ஜி.ஐ.பி. சுரந்தாலும் பீட்டா செல் சரியாகக் காது கொடுப்பதில்லை. ஜி.எல்.பி-1-ஐ இயல்பைவிட அதிகமாகக் கொடுத்தால் மட்டும் கேட்கிறது. புது மருந்துகள் எல்லாம் புகுந்தது இந்த வழியில்தான்.

கே: குன்னூரிலும் குடல் பற்றிய ஆராய்ச்சி நடந்ததாகத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையா? (கல்லூரி மாணவி, குன்னூர்)

ப: உண்மைதான், அம்மா. தாத்தா சொன்னது ராபர்ட் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டரைப் பற்றியதாக இருக்கும். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் வைட்டமின் பி1 குறைவால் வரும் 'பெரிபெரி' நோயை ஆராயும் சிறு பிரிவாக அவர் தொடங்கியதுதான், பின்னாளில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. சத்துக் குறைந்த உணவைக் குரங்குகளுக்கும் புறாக்களுக்கும் கொடுத்து, அவற்றின் இரைப்பையும் குடலும் எப்படி நலிந்துபோகின்றன என்று அவர் விரிவாகப் பதிவு செய்தார். குடல் ஹார்மோன் அவருடைய துறை அல்ல. ஆனால் சாப்பாட்டின் தரத்தை முதலில் அனுபவிப்பது குடல்தான் என்று காட்டிய வேலை உங்கள் ஊரில் நடந்தது. இந்திய உணவுகளில் எதில் என்ன சத்து என்ற அட்டவணையும் 1937-இல் குன்னூர்க் கூடத்திலிருந்தே முதன்முதலில் வந்தது. டயட்டீஷியன் இன்று கையில் வைத்திருக்கும் அட்டவணைக்கு அதுதான் தாய்.

கே: எனக்கு மெட்ஃபார்மினோடு வில்டாகிளிப்டின் 50 மி.கி. காலை, இரவு என எழுதியிருக்கிறார்கள். என் அண்ணன் வாராந்தர ஊசி போடுகிறார். இரண்டும் ஒரே ஹார்மோன் என்கிறார்கள். நானும் ஊசியைச் சேர்த்துக்கொண்டால் சீக்கிரம் கட்டுப்படுமா? (வாசகர், ஊட்டி)

ப: சேர்க்க வேண்டாம். இரண்டும் ஒரே ஹார்மோனைச் சுற்றியவைதான், போகிற வழி வேறு.

உடம்பு தானாகச் சுரக்கும் ஜி.எல்.பி-1-இன் ஆயுள் மிகக் குறைவு. டி.பி.பி-4 என்ற நொதி அதன் நுனியை வெட்டிவிடுவதால் இரண்டே நிமிடத்தில் பாதி செயலிழந்துவிடும். உங்கள் மாத்திரை அந்தக் கத்தரியின் கையைப் பிடித்துக்கொள்கிறது. சிட்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின், லினாகிளிப்டின் எல்லாம் இந்தக் குடும்பம். இவற்றால் உங்கள் சொந்த ஹார்மோன் இரண்டு மூன்று மடங்கு உயரும். அது மிதமான உதவி. எடை குறையாது, குமட்டலும் அனேகமாக வராது. அண்ணனின் ஊசியோ அந்த நொதியால் எளிதில் வெட்ட முடியாதபடி செய்த போலி ஹார்மோன். அது உடம்பில் இயல்பைவிடப் பல மடங்கு அளவில் இருக்கும். அவ்வளவு இருக்கும்போது மாத்திரைக்கு மேற்கொண்டு செய்ய வேலை இல்லை, பணம்தான் வீண். ஊசியைத் தொடங்கும் டாக்டர் கிளிப்டினை நிறுத்தச் சொல்வது இதனால்தான். இரண்டு டாக்டரிடம் காட்டுபவர்களுக்கு இரண்டும் சேர்ந்து வந்துவிடுவது உண்டு. பழைய சீட்டுகளையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

வெட்டுப்படாத ஹார்மோன் எங்கிருந்து கிடைத்தது என்பது ஆச்சரியமான கதை. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் கீலா என்ற விஷப் பல்லி இருக்கிறது. அதன் விஷ எச்சிலில் எக்ஸெண்டின்-4 என்ற பொருளை ஜான் எங் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1992-இல் கண்டறிந்தார். அதன் கட்டமைப்பில் ஏறக்குறைய பாதி நம் ஜி.எல்.பி-1-ஐப் போன்றது; டி.பி.பி-4-க்கு மட்டும் பிடி கொடுக்காது. அதிலிருந்து பிறந்த எக்ஸெனடைடு 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, தினம் இரண்டு ஊசி. அடுத்து லிராகுளுடைடு, தினம் ஒன்று. ஹார்மோனோடு ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலியைக் கோர்த்து, ரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தின் முதுகில் ஏறிப் பயணிக்க வைத்தார்கள். அதே வழியில் செமாகுளுடைடின் ஆயுள் வாரக்கணக்குக்கு நீண்டது. ஜி.ஐ.பி., ஜி.எல்.பி-1 இரண்டின் வேலையையும் ஒரே மூலக்கூறு செய்வது டிர்செபடைடு. அது 2022-இல் அமெரிக்காவிலும் 2025 மார்ச்சில் இந்தியாவிலும் வந்தது. இதற்கெல்லாம் அடித்தளம் போட்ட ஜோயல் ஹேபனர், ஸ்வெட்லானா மொய்சோவ், லோட்டே பியர் நுட்சன் மூவருக்கும் 2024-இல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. ஜி.எல்.பி-1-இன் செயல்படும் துண்டு எது என்று அடையாளம் கண்ட மொய்சோவின் பெயரை உலகம் வெகுகாலம் சொல்லவே இல்லை. அதனால் அந்தப் பெயரைத் தனியாகக் குறிப்பிடுகிறோம்.

நீங்கள் சாப்பிடும் மெட்ஃபார்மினும் குடலில் ஜி.எல்.பி-1 சுரப்பைக் கூட்டுகிறது. ஆகவே குடல் ஹார்மோன் சிகிச்சையை நீங்கள் ஏற்கெனவே இரண்டு வழியில் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

கே: எனக்குச் செமாகுளுடைடு மாத்திரை கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. சுகர் அசையவே இல்லை. விடிகாலை இலை பறிக்கப் போகுமுன் ஒரு டம்ளர் டீ குடித்தால்தான் உடம்பு சூடு பிடிக்கும். டீயோடு மாத்திரையைப் போட்டுவிடுகிறேன். (வாசகி, மஞ்சூர்)

ப: மருந்தைக் குறை சொல்ல வேண்டாம், அம்மா. டீதான் காரணம். இந்த ஹார்மோன் ஒரு சிறு புரதம். வயிற்றுக்குள் போனால் பருப்பு செரிப்பது போலச் செரித்துவிடும். அதை இரைப்பைச் சுவர் வழியாக உள்ளே தள்ள ஒரு துணைப்பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். அப்படியும் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். வயிற்றில் வேறு எது இருந்தாலும் அந்த ஒரு பங்கும் போய்விடும்.

எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரையை முழுசாக, உடைக்காமல், பச்சைத் தண்ணீரில் விழுங்குங்கள். தண்ணீர் அரை டம்ளர், அதாவது 120 மி.லி.க்கு மேல் வேண்டாம். பிறகு குறைந்தது 30 நிமிடம் டீ, கஞ்சி, வேறு மாத்திரை எதுவும் கூடாது. ஐந்தரைக்கு டீ குடிப்பவர் ஐந்து மணிக்கே மாத்திரையை முடித்துவிட வேண்டும். தலைமாட்டில் தண்ணீரும் மாத்திரையும் வைத்துக்கொண்டு, விழிப்பு வந்ததும் விழுங்கிவிட்டு அடுப்பு மூட்டப் போங்கள். தைராய்டு மாத்திரையும் இருந்தால் இரண்டையும் ஒன்றாகப் போடாமல், நேரத்தைப் பிரித்துத் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நாள் மறந்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள், மறுநாள் ஒன்று மட்டும்.

முதல் 30 நாள் கொடுக்கும் 3 மி.கி. உடம்பைப் பழக்குவதற்குத்தான், சர்க்கரையைக் குறைக்கும் அளவு 7 மி.கி.யில் தொடங்குகிறது. நீங்கள் இன்னும் 3-லேயே இருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மஞ்சூர் மழை ஈரத்துக்கு இன்னொன்று: மாத்திரையை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். ஈரம் பட்டால் கெட்டுவிடும்.

கே: வாராந்தர ஊசி தொடங்கியதிலிருந்து வாந்தியும் குமட்டலும். இரண்டாவது டோஸ் ஏற்றியதும் இரண்டு நாள் படுக்கை. விட்டுவிடலாமா? எங்கள் லைன் வீட்டில் ஃபிரிட்ஜும் இல்லை. டிசம்பரில் உறைபனி விழுகிறது. ஊசியை எப்படி வைப்பது? (எஸ்டேட் தொழிலாளி, கோத்தகிரி)

ப: முதலில் வாந்தி. ஊசி உங்கள் இரைப்பையின் வேகத்தைக் குறைத்திருக்கிறது. நீங்கள் பழைய அளவிலேயே சாப்பிடுகிறீர்கள். உள்ளே போனது நகராமல் நிற்கிறது, மேலே வருகிறது. தட்டில் பாதியைக் குறைத்து, மூன்று வேளையை ஐந்தாகப் பிரியுங்கள். மெதுவாகச் சாப்பிட்டு, 'போதும்' என்று முதலில் தோன்றும் இடத்தில் கையைக் கழுவிவிடுங்கள். அதற்குமேல் இரண்டு கவளம் வைத்தால் அந்த இரண்டும் தொல்லை தரும். எண்ணெயில் பொரித்தது, கொழுப்பான கறி, பஜ்ஜி ஆகியவை வயிற்றில் நெடுநேரம் தங்கும். ஊசி போட்ட மூன்று நாளும் தள்ளி வையுங்கள். சாப்பிட்டதும் படுக்காதீர்கள்.

அளவை அவசரப்பட்டு ஏற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. செமாகுளுடைடு 0.25 மி.கி.யில் 4 வாரம், பிறகு 0.5. டிர்செபடைடு 2.5 மி.கி.யில் 4 வாரம், பிறகு 5. அதற்குமேல் போவதென்றால் 4 வாரத்துக்குக் குறையாத இடைவெளியில் 2.5, 2.5 ஆக. 4 வாரம் என்பது குறைந்தபட்சம். வயிறு பழகவில்லை என்றால் அதே அளவில் 8 வாரம் இருப்பதில் தவறே இல்லை. டாக்டரிடம் இதைக் கேளுங்கள், விட்டுவிடும் முடிவுக்கு முன்னால்.

குளிரில் தாகம் எடுக்காது. வாந்தியும் சேர்ந்தால் உடம்பு வறண்டு சிறுநீரகம் அடிபடும். ஓ.ஆர்.எஸ். கரைசலை மடக்கு மடக்காகக் குடியுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே தங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைகளை அந்த நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டுமா என்று அங்கே கேளுங்கள். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாய்கிற கடும் வலி வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ கூட எடுக்கிறீர்களா? ஊசி தனியாகத் தாழ்சர்க்கரையைக் கொண்டுவருவது அரிது, இவற்றோடு சேர்ந்தால் வரும். மேட்டில் இலை மூட்டை சுமக்கும்போது கை நடுங்கி வேர்த்தால் சோதியுங்கள்; 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வோக்ளிபோஸ் சாப்பிடுபவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை வேலை செய்யாது, அது உடைந்து சேர்வதைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்கள் பையில் குளுக்கோஸ் பொடியே இருக்க வேண்டும்.

இனி ஊசியை வைக்கும் இடம். சமவெளிக்காரர்களுக்கு வெயில் கவலை, உங்களுக்குக் குளிர். இன்சுலினோ இந்த ஊசிகளோ ஒருமுறை உறைந்தால் முடிந்தது. உருகிய பிறகு பார்க்கத் தெளிவாக இருந்தாலும் நம்ப முடியாது, தூக்கி எறிய வேண்டும். தகரக் கூரைக்கு ஒட்டிய பரண், ஜன்னல் ஓரம், இரவில் வெளியே நிற்கும் வண்டி எதுவும் வேண்டாம். அறையின் நடுவில், அலமாரியில், துணி சுற்றிய டப்பாவில் வையுங்கள். அடுப்புத் திண்டு பக்கமும் கூடாது. 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் டிர்செபடைடு ஃபிரிட்ஜ் இல்லாமல் 21 நாள் வரை இருக்கலாம். பயன்படுத்தத் தொடங்கிய செமாகுளுடைடு பேனா 56 நாள், பெரும்பாலான இன்சுலின் 28 நாள். திறந்த தேதியைப் பேனா மேலேயே எழுதி ஒட்டுங்கள். கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வருகிறீர்களென்றால் ஐஸ் கட்டி மருந்தை நேராகத் தொடாமல் நடுவே துண்டு வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் வண்டியை வெயிலில் விட்டுச் சாப்பிடப் போகும்போது பையைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஊசியைத் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றில், அல்லது தொடையில். வாரத்துக்கு வாரம் இடம் மாற்றுங்கள். போட்டதும் முள்ளைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியபடியே வைத்தால் மருந்து கசியும், காற்றுக் குமிழி ஏறும், அடுத்த அளவு குறையும். நாள் தவறினால், செமாகுளுடைடு 5 நாளுக்குள்ளும் டிர்செபடைடு 4 நாளுக்குள்ளும் நினைவு வந்தால் போடலாம். தாண்டிவிட்டால் அடுத்த முறை வரை பொறுங்கள்.

கே: நாங்கள் பழங்குடியினர். அம்மாவுக்குச் சிக்கிள் செல் நோய், சர்க்கரையும் உண்டு. மூன்று மாத டெஸ்ட் 5.8 என்று வந்ததால் மாத்திரையைக் குறைத்தார்கள். ஆனால் வீட்டு மெஷினில் 240 காட்டுகிறது. எதை நம்புவது? (வாசகர், கூடலூர்)

ப: வீட்டு மெஷினை. உடனே டாக்டரிடம் சிக்கிள் செல் விவரத்தைச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியை எழுதியதற்கு நன்றி.

மூன்று மாதச் சோதனை, அதாவது எச்.பி.ஏ1சி, சிவப்பணு எவ்வளவு சர்க்கரையில் ஊறியிருக்கிறது என்று அளப்பது. சாதாரணமாகச் சிவப்பணு 120 நாள் வாழும் என்ற கணக்கில் அந்த எண் பொருள்படுகிறது. சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான சிக்கிள் செல்லில் அது இரண்டு மூன்று வாரமே வாழ்கிறது. ஊறுவதற்குள் அழிந்துவிடுவதால் எண் பொய்யாகக் குறைந்து காட்டும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் எண் தப்பாக வரும். மாறாக, இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் எண் பொய்யாகக் கூடும்; மலைப்பகுதிப் பெண்கள் இதையும் மனதில் வைக்க வேண்டும். நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்களுக்குச் சில வகைக் கருவிகளில்தான் பிழை வரும். 'உங்கள் முறையைச் சிக்கிள் ஹீமோகுளோபின் பாதிக்குமா' என்று ஆய்வகத்தில் கேட்கலாம்.

அம்மாவுக்கு வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் எடுத்த சர்க்கரை அளவுகளே வழிகாட்டி. ஃப்ரக்டோசமின் என்ற சோதனை கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைச் சிவப்பணுவின் துணையில்லாமல் சொல்லும். இந்தியாவில் சிக்கிள் செல் முதலில் பதிவானதே 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். எழுபது வருஷம் கடந்தும் இந்த மலையில் 5.8-ஐப் பார்த்து மருந்தைக் குறைப்பது வருத்தம் தருகிறது. வீட்டு மெஷினில் பார்க்கும்போது ஒரு கவனம்: விரல் குளிர்ந்திருந்தால் ரத்தம் வராது, பிதுக்கினால் எண் மாறும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பட்டையும் மெஷினும் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. வீட்டுக்குள் அறைச் சூட்டில் இருக்கட்டும்.

கே: ஊசிக்கு வசதியில்லை. சாப்பாட்டால் இந்த ஹார்மோனைக் கூட்ட முடியுமா? ராகி, சாமை, அவரை, உருளைக்கிழங்கு, டீ, வர்க்கி, இவைதான் எங்கள் சாப்பாடு. (வாசகர், எடப்பள்ளி)

ப: ஊசி தரும் அளவுக்கு எந்தச் சாப்பாடும் தராது. அப்படிச் சொல்லி விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். ஆனால் தட்டில் எதை முதலில் தொடுகிறோம் என்பதில் கிடைக்கும் பலன் நிஜமானது, காசும் கேட்காது.

புரதமும் நாரும் முதலில் குடலை எட்டினால் ஜி.எல்.பி-1 முந்திக்கொண்டு சுரக்கும், இரைப்பையும் நிதானிக்கும்; பின்னால் வரும் மாவுச்சத்து மெல்லவே ரத்தத்தில் ஏறும். அமெரிக்காவில் 2015-இல் வெளிவந்த சிறு ஆய்வு ஒன்றில், மெட்ஃபார்மின் சாப்பிடும் 11 சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரே சாப்பாட்டை வரிசை மாற்றிக் கொடுத்தார்கள். காய்கறியும் கறியும் முதலில், 15 நிமிடம் கழித்து ரொட்டி என்று கொடுத்த நாளில் சர்க்கரை அரை மணியில் சுமார் 29 சதவீதமும் ஒரு மணியில் சுமார் 37 சதவீதமும் குறைவாக இருந்தது. 11 பேர்தான், உண்மை. ஆனால் உங்கள் வீட்டில் நீங்களே சோதித்துக்கொள்ளக் கூடியது இது. இன்று வழக்கப்படி, நாளை வரிசை மாற்றி, இரண்டு நாளும் முதல் கவளத்திலிருந்து ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள்.

உங்கள் தட்டில் அந்த வரிசை: முதலில் ஒரு கிண்ணம் அவரைக் குழம்பின் பருப்பு, கூடவே கீரை அல்லது பீன்ஸ் பொரியல். முட்டை இருந்தால் அதுவும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துக் களியோ சோறோ. அவரை, மொச்சை, பட்டாணியின் நார் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துக் குறுங்கொழுப்பு அமிலங்களாக்கும். எல் செல்களை அவை தூண்டும். மெதுவான, சிறிய பலன், தினம் சாப்பிட்டால் மட்டும்.

ராகி என்றாலே சர்க்கரை ஏறாது என்பது தவறான நம்பிக்கை. நைஸாக அரைத்த மாவில் தண்ணியாகக் காய்ச்சிய கஞ்சி வேகமாகவே ஏற்றும். கெட்டிக் களி, உருண்டை அளவு பாதி, அவரையோடு என்பது வேறு கதை. சாமையைத் தவிடு போகத் தீட்டி வெள்ளையாக்கினால் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. உருளைக்கிழங்கைக் காயாகக் கணக்கு வைக்காதீர்கள், சோற்றுக்குப் பதில் என்று வையுங்கள். வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது மலைக்குப் பெருமைதான், ஆனாலும் அது மைதாவும் கொழுப்பும். விசேஷ நாளுக்கு ஒன்று.

எல்லாவற்றையும்விட டீயைக் கவனியுங்கள். டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி, நாளுக்கு ஆறு டம்ளர் என்றால் ஐம்பது அறுபது கிராம் சர்க்கரை. சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்கக் கொடுக்கும் குளுக்கோஸே 75 கிராம்தான். திரவச் சர்க்கரை குடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். எல் செல்கள் அடர்ந்த கீழ்ப்பகுதிக்கு அது அதிகம் போய்ச் சேர்வதில்லை. வாரத்துக்குக் கால் கரண்டி என்று குறைத்துக்கொண்டே வாருங்கள், இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

கே: என் மகனுக்கு 24 வயது, ஒல்லி. கணையத்தில் கல் இருந்து சர்க்கரை வந்தது. இந்த ஊசி சரிவருமா? (தாய், பந்தலூர்)

ப: வேண்டாம், அம்மா. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் காணப்படும் கணையக்கல் சர்க்கரை நோயில் பீட்டா செல்களே சிதைந்திருக்கும். தட்டிக் கூப்பிட ஆளில்லை. ஏற்கெனவே ஒல்லியானவரின் பசியை அடக்கினால் உடம்பு மேலும் இளைக்கும், புண்பட்ட கணையத்துக்கும் நல்லதல்ல. அவருக்குத் தேவை இன்சுலினும், சாப்பாட்டோடு விழுங்கும் கணைய நொதி மாத்திரையும். முதல் வகைச் சர்க்கரை நோய்க் குழந்தைகளுக்கும் இதே பதில்தான்: இன்சுலினை நிறுத்திவிட்டு இதைப் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் உள்ள குடும்பத்தாரும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும். கண்ணில் விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள், சர்க்கரை சட்டென்று இறங்கினால் அது கொஞ்ச நாள் மோசமாகலாம் என்பதால், ஊசிக்கு முன் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கே: ஊசியில் 11 கிலோ குறைந்தேன். பித்தப்பையில் கல் என்று அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்குப் பிறகு ஊசியை நிறுத்திவிடலாம் என நினைக்கிறேன். (வாசகி, அரவேணு)

ப: எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் சேர்வது தெரிந்த விஷயம்தான், இந்த மருந்துகளிலும் அது பதிவாகியிருக்கிறது. நிறுத்துவது பற்றி: வெளியிலிருந்து கொடுத்த சேதி நின்றால் பசி திரும்பும். செமாகுளுடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பிவிட்டது. சர்க்கரையும் கூடவே ஏறும். ஆகவே ஒரேயடியாக விடாமல், அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்று முடிவெடுத்துவிட்டு நிறுத்துங்கள். குறைந்த 11 கிலோவில் தசையும் போயிருக்கும். தினம் பருப்பு, முட்டை, தயிர் விடாமல் சாப்பிடுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் முக்கியமானது ஒன்று. ஊசி போடுபவரின் இரைப்பையில், இரவு முழுக்கப் பட்டினி கிடந்தாலும் சாப்பாடு மிச்சம் இருக்கலாம். மயக்கம் கொடுத்தபின் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. ஆபரேஷன் செய்யும் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர் இருவருக்கும் இப்போதே தெரிவியுங்கள், முந்தின நாள் அல்ல. ஒரு வாரம் முன்பு ஊசியை நிறுத்தச் சொல்லலாம். முந்தின 24 மணி நேரம் நீர் ஆகாரம் மட்டும் எடுக்கச் சொல்லலாம். அன்று காலை வயிற்றை ஸ்கேன் செய்தும் பார்க்கலாம். எந்த ஊசி, எத்தனை மி.கி., கடைசியாகப் போட்ட தேதி என்ன, குமட்டலோ வயிற்று உப்புசமோ இப்போது உண்டா என்று ஒரு தாளில் எழுதி, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பின் அடிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.